மல்லிகைத் தொட்டி மண்

பினாங்கில், தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. வரிசை வீடு. பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு அம்மாளும் நானும் பல வருடங்களாக வேலிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று துணி காயப்போட்டு வருகிறோம். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. பாசாரில் சாமான் வாங்கும்போது மீன்காரர் கூடுதலாக ஒரு வார்த்தை கேட்டால்கூட எனக்கு முகம் சூடாகிவிடும்.

நாய் வந்ததும் பாசாரிலிருந்துதான். கோழிக்கடைப் பலகைக்கு அடியில் குட்டியாகக் கிடந்தது. பையில் கீரைக்கு மேல் வைத்துத் தூக்கி வந்துவிட்டேன். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் நிமிராது. மகன் அதற்கு ஊசி போடவைத்தான், குட்டி போடாதபடி ஆப்பரேஷன் செய்யவைத்தான், லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் தகடும் மாட்டினான். சோறு போடுவது நான். சங்கிலியைப் பிடித்து வெளியே கூட்டிப்போவது அவன். நாயோடு தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சம்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, மகன் காரை உள்ளே விடுவதற்காக கேட்டைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு இடி. நாய் மிரண்டு ஓடி, திறந்திருந்த பக்கத்து வீட்டு கேட்டுக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தால், வாசலில் இருந்த துணிக்கூடைக்குள் சுருண்டு கிடக்கிறது. அந்த அம்மாள் தொழுகைக்கு அணியும் வெள்ளைத் துணியில் ஈர மூக்கைப் புதைத்துக்கொண்டு நடுங்குகிறது. அவர் வாயில் கைவைத்தபடி கதவருகே நின்றார்.

நாயின் ஈரம் பட்ட துணியை அவர்கள் மண் கரைத்த தண்ணீரில் ஒரு முறை அலசி, பிறகு நல்ல தண்ணீரில் பல முறை அலச வேண்டும். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நாயை அள்ளிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன்.

மறுநாள் துணி காயப்போடும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் திரும்பவில்லை.

"அம்மா, இது சரிப்படாதுலா," என்றான் மகன். "பைராம் தோட்டத்துல மச்சான் வீட்டுல கொண்டுபோய் விட்டுடலாம். ஞாயித்துக்கிழமை போவோம். அங்க நல்லா ஓடி ஆடட்டும்."

மச்சான் என்றது என் மருமகளின் அண்ணனை. அங்கே நாய்கள் கட்டில்லாமல் திரியும். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கும். இடிக்கே மிரளும் இது அங்கே எத்தனை நாள் தாங்கும்? சோற்றுத் தட்டைக் கழுவும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான்.

சனிக்கிழமை காலை, மகனும் மருமகளும் எழுந்திருக்கும் முன் ஒரு வாளியை எடுத்தேன். என் மல்லிகைத் தொட்டியின் மண்ணைக் கிளறி, கல்லும் வேரும் பொறுக்கி, வாளி நிறைய எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டில் போய் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அவராகவே ஜன்னலில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தமிழ் அம்மாக்களை அவர்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசியது மலாய். நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன ஆச்சி இது?"

"மண்ணு. உங்க துணி கழுவ. நல்ல மண்ணு."

அவர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். "என்னமோ வாசம் அடிக்குதே. இதுல என்ன கலந்திருக்கீங்க?"

"மாட்டுச் சாணி," என்றேன் பெருமையாக. பசு வளர்ப்பவரிடம் கேட்டு வாங்கி, காயவைத்துத் தூளாக்கிப் போட்டது. பூஜை வைக்கும் இடத்தைக்கூட அதைத் தெளித்துத்தானே சுத்தம் செய்கிறோம்? எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான மண் கிடையாது.

அவர் மண்ணை வாளியிலேயே போட்டுவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஐயோ ஆச்சி! சாணி எங்களுக்கு அசுத்தம். இதுல கழுவினா அப்புறம் அந்தத் துணியை மறுபடி கழுவணும்!"

எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் வாளிக்குக் கை நீட்டினார். "குடுங்க, என் மிளகாய்ச் செடிக்குப் போடுறேன். துணியை அன்னிக்கே கழுவியாச்சு. நாய் மேல எனக்கு என்ன கோபம்? அதுக்கு என்ன தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லாம போனீங்களே, அதுதான்."

"பேச வரல," என்றேன்.

"இப்ப வருதே!"

நாயைத் தோட்டத்துக்கு அனுப்பப் போகிறோம் என்பதையும் சொன்னேன். அவர் வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "அனுப்பணும்னு நான் சொல்லல ஆச்சி. ஆனா என் பேத்தி இப்பத்தான் தவழுது. கேட் திறக்கிறப்ப நாய் கட்டியிருக்கணும். கம்பி இடுக்குல அது மூக்கை நீட்டக் கூடாது. அது உங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்து, நாயை அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். மகன் நம்பவில்லை. "நான் ஷிப்டு வேலைக்குப் போறவன். தினமும் யாரு கட்டுறது, யாரு வெளிய கூட்டிப் போறது?"

"நான்."

"நீங்களா அத்தை?" மருமகள் சிரித்தாள். "அது உங்களை இழுத்துக்கிட்டுப் போய் தண்ணீர்மலை உச்சியில விட்டுடும்!"

அன்று மாலையே மகன் கேட்டின் கீழ்ப்பாதிக்கும் வேலிக்கும் வலை அடித்துக் கொடுத்தான். மறுநாள் விடிந்ததும் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். சந்து முனையில், யாரோ ஒருவர் வீட்டுக்கு எதிரே, நாய் தன் வேலையை முடித்தது. அந்த வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டு பார்த்தார். நான் குனிந்து பையில் அள்ளி முடிச்சுப் போட்டேன். அவர் தலையசைத்தார். நானும் அசைத்தேன். முகம் சூடாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

இப்போது தினமும் நடக்கிறோம். திரும்பி வந்து கேட்டைத் தாழிட்டு, "ஆச்சு!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பேன். அதன் பிறகுதான் அந்த அம்மாள் பாயை விரித்துப் பேத்தியை வாசலில் இறக்கி விடுவார்.