அது அட்டைக்கடி இல்லை

செல்லம்மா அக்கா இன்று காலை போய்விட்டார்...

அவருக்காக யாரோ போட்ட அஞ்சலிப் போஸ்டை என் பேத்தி வாசித்துக் காட்டினாள். "கணவர் அட்டைக்கடியில் இறந்த பின்..." என்று அதில் ஒரு வரி. அது பொய். நான் சொல்லச் சொல்ல அவளே இதையும் போனில் தட்டுகிறாள்.

யார் போட்டீர்களோ, அந்த வரியைத் தூக்குங்கள்.

அக்காவின் கணவர் கருப்பையா அண்ணன் என்னோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர். தொழிலாளர் லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு முகம் வீங்கியது, மூத்திரம் குறைந்தது. பிறகு காலில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு... போர்வை பட்டாலே கத்துவார்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அக்காவும் நானும் தாங்கிக்கொண்டு போனோம். டிஸ்பென்சர் ஐயா நாற்காலியை விட்டு எழும்பவில்லை. ஜன்னல் வழியாகவே, "அட்டைக்கடி. சுண்ணாம்பு தடவு."

அக்கா விடவில்லை. "அட்டை கடிச்சா அரிக்குங்க ஐயா, வலிக்காதுங்க. இவுகளுக்கு நெருப்பு வச்ச மாதிரி எரியுதுங்க."

"நீ எங்க டாக்டருக்குப் படிச்ச?"

"அட்டைகிட்டதான் படிச்சேங்க. தெனம் கடிபடுறது நாங்கதானுங்களே."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் பழி வாங்கினார் என்று இன்றும் சொல்வேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அவர் துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். மூன்று முறை போனோம். மூன்று முறையும் சுண்ணாம்பு...

கடைசியில் துண்டு இல்லாமலே, கம்பளியில் கிடத்தி நாலு பேர் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். "கிட்னி கெட்டுப்போச்சு. அதுனால ரத்தக் குழாய் அடைச்சு, தோல் செத்துக்கிட்டு வருது." குணமாக்க வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் வலிக்கு ஓர் ஊசி போட்டார். அன்றைக்குத்தான் அண்ணன் கத்தாமல் தூங்கினார். முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய ஊசி அது.

நாலாம் நாள் அண்ணன் போய்விட்டார். டிஸ்பென்சர் லயத்துக்கே வந்து, "எல்லாம் விதி" என்றார்.

அக்கா அழவில்லை. "இன்னைக்குத்தான் லயத்துக்கு வழி தெரிஞ்சுதுங்களா ஐயா?"

திரும்பிப் போனவர், தோட்டத்துச் சாவுப் பதிவுப் புத்தகத்தில் அட்டைக்கடி என்றே எழுதி வைத்தார். அதைத்தான் இன்றைக்கும் போடுகிறீர்கள்.

போய் வாங்க அக்கா... அண்ணனைப் பார்த்தால், கால் இப்ப எப்படி இருக்குன்னு நான் கேட்டதாச் சொல்லுங்க.