அணைத்த பிறகும் ஓடிய வண்டி

அந்த மோட்டார் மிஸ்திரியின் வலது கை ஒடிந்ததற்கு நான்தான் காரணம். இதை என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், பேரன்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். எண்பது தாண்டிவிட்டது. இனி விடுவதற்கில்லை.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பம் கல்கத்தாவில் கிடர்பூரில் குடியிருந்தது. அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சித்தப்பாவுக்கும் அங்கேயே ஒரு நாற்காலி தயாராக இருந்தது. அவர் அதில் உட்காராமல், ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு பழைய மோட்டாரை வாங்கி வந்தார். பின்னிருக்கைகளை அறுத்தெடுத்துவிட்டுப் பலகைத் தளம் போட்டார். வாலில் ஒரு கொக்கி வைத்து, அதில் இரண்டு சக்கர இழுவை வண்டி ஒன்றைக் கோத்தார். துறைமுகத்தில் இறங்கும் இரும்புச் சாமான்களைக் கார்டன் ரீச் ஆலைகளுக்குக் கொண்டுபோவது தொழில். கல்யாணப் பேச்சை அவர் காதில் வாங்காத நாட்களில் அப்பா கேட்பார்: "அதையே கட்டிக்கிடப் போறியாடே?"

வண்டி சமதரையில் நன்றாகத்தான் போகும். வழியிலிருந்த பாலத்தின் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போதுதான் மூச்சு முட்டிப் பாதியில் நின்றுவிடும். கூலிகள் இறங்கிப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். பக்கத்தில் போகிற மாட்டு வண்டிக்காரர்கள், எங்கள் மாட்டில் ஒன்றைத் தரட்டுமா பாபு என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சித்தப்பாவுக்கு அன்று சோறு இறங்காது.

பெரிய வண்டி வாங்க வழியில்லை. இருக்கிற எஞ்சினையே குறைந்த செலவில் பலமாக்கித் தருவதாகச் சொன்னவர் மிஸ்திரி. கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஐம்பது வயதிருக்கும், மருதாணிச் சிவப்பில் தாடி. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், பிறகு நோய் என்னவென்று சொல்வார். நான் அவரைச் சாச்சா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் கோகா. வங்காளத்தில் எல்லாச் சின்னப் பையன்களும் கோகாதான்.

எஞ்சினின் தலையில் இருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தை நாலு நாள் தேய்த்து மெலிதாக்கினார். உள்ளே இடம் குறைந்தால் வாயு இன்னும் நெருக்கப்படும், நெருக்கப்பட்டது ஓங்கி உதைக்கும் என்றார். பின் அச்சில் பல் சக்கரத்தை மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டினார். சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் வைத்தார். கடைசியில், பெரிதாகக் காற்றும் பெட்ரோலும் குடிக்கிற ஒரு கார்புரேட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். ஹூக்ளியில் மூழ்கி, பிறகு மேலே இழுக்கப்பட்ட ஒரு மோட்டார் படகிலிருந்து கழற்றியது அது. பித்தளை முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. அவர் சாம்பல் போட்டுத் தேய்த்தபோது உள்ளிருந்து ஆற்று மணல் கொட்டியது.

மறுநாள் வண்டி பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. சித்தப்பா மாட்டு வண்டிக்காரர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டு அவர் சுவிட்சை அணைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. டக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டக் என்றது. யாரோ தொண்டையில் சளியோடு மூச்சு விடுவதுபோல் ஐந்தாறு தடவை இழுத்துவிட்டு அடங்கியது. சித்தப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் எட்டு. அதற்கடுத்த நாள் பதினொன்று. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

மாடியில் இருந்த வீட்டுக்கார வங்காள அம்மாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவள், ஜன்னல் வழியாக அதைக் கேட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு, சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் படகு பனிமூட்டத்தில் முழுகிய கதையைச் சொன்னாள். படகோட்டியின் உடல் அகப்படவே இல்லையாம். எஞ்சினை நிறுத்தாதே என்று கடைசி வரை கத்திக்கொண்டிருந்தானாம். அதைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்களாம். "இன்னும் கரை வந்து சேரலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கான், பாவம்" என்றாள். அந்தச் சந்தேஷை ஜன்னலிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

மிஸ்திரியிடம் கேட்டேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. "உங்க அம்மா அடுப்பை அணைச்சுடறாங்க. உள்ளே தணல் உடனே செத்துடுதா? அதுதான் கோகா. உள்ளே கரி சேர்ந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சுரண்டிடறேன்" என்றார். அது முழு உண்மை. பின்னாளில் கல்லூரியில் ஒரு வருஷம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தார். எனக்குத்தான் மாஷிமாவின் கதை பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அத்தனை நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் பயந்து அழுத நாட்களில் அம்மா ஒரு சிட்டிகைத் திருநீறு எடுத்து நெற்றியில் பூசி, மிச்சத்தை என் வாயில் போடுவாள். பயம் போய்விடும். எனக்கே ஒரு சிட்டிகை வேண்டியிருக்கிறதென்றால், ஆற்றில் செத்த ஒரு வளர்ந்த ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சாமி அலமாரியில் திருச்செந்தூரிலிருந்து வந்த திருநீற்றுத் துணிப்பை இருந்தது, ஒரு வருஷத்துக்கானது. பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். எஞ்சினின் வாய் எது என்று எனக்குத் தெரிந்த மட்டில், தினமும் தண்ணீர் ஊற்றுகிற ரேடியேட்டர்தான். மூடியைத் திறந்து, பை காலியாகும் வரை கொட்டினேன். மேலே ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றினேன். உள்ளே களக் களக் என்றது. யாரோ விழுங்குகிறார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குள் போனேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பாவும் மிஸ்திரியும் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மார்கழிப் பனி, கப்பல்களின் கொடிமரம்கூடத் தெரியவில்லை. எங்கோ ஆற்றில் ஒரு கப்பல் ஊதியது, இன்னொன்று பதில் ஊதியது. பின்னால் இழுவை வண்டியில் இரும்புக் குழாய்கள்.

பாலத்தின் ஏற்றத்தில் பாதி போகும்போது ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பிற்று. பனி எது, ஆவி எது என்று தெரியாமல் கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. எஞ்சின் உள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் தட்டியது. வண்டி நின்றது. சித்தப்பா சுவிட்சை அணைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது வரை எண்ணினேன், பிறகு எண்ணப் பயமாக இருந்தது. பலகை, இருக்கை, என் பற்கள் எல்லாம் அதோடு சேர்ந்து ஆடின. பிறகு ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

பின்னால் மாட்டு வண்டிகள் நீளமாக அடைத்துக்கொண்டன. பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன, திட்டும் சிரிப்புமாக. மிஸ்திரி இறங்கி, கொஞ்சம் ஆறட்டும் பாபு என்றார். சித்தப்பாவின் காதில் மாட்டு வண்டிக்காரர்களின் சிரிப்புத்தான் விழுந்தது. உடனே ஸ்டார்ட் பண்ணு என்றார். மிஸ்திரி முன்னால் போய், எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலைச் செருகினார். எஞ்சின் இறுகிப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

குண்டு வெடித்ததுபோல் ஒரே ஒரு சத்தம். ஹேண்டில் எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. வெள்ளைக்குள் அவர் காணாமல் போனார். நாங்கள் இறங்கி ஓடியபோது தரையில் உட்கார்ந்திருந்தார். வலது முன்கை, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.  சித்தப்பாவை ஆச்சரியமாகப் பார்த்துச் சொன்னார்:

"சுவிட்ச் போடலையே, பாபு."

வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தது இரண்டு மாடுகள்.

கொட்டகையில் மிஸ்திரியைப் பெஞ்சில் உட்காரவைத்து, துண்டால் கையைக் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் குதிரை வண்டி பிடிக்கச் சித்தப்பா ஓடினார். மூடியை அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் ஓடினார். நானும் மிஸ்திரியும் மட்டும் இருந்தோம்.

அவர் எழுந்தார். ரேடியேட்டர் அருகில் குந்தி, இடது கையால் அடிக்குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. ஒரு குச்சியை விட்டுக் கிளறினார். சாம்பல் நிறத்தில், கூழ்போல், மெதுவாக வந்தது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு தலையைத் தூக்கி என் நெற்றியைப் பார்த்தார். காலையில் அம்மா சம்புடத்தில் மிச்சமிருந்த திருநீற்றை எடுத்துப் பூசிய மூன்று கோடுகள் அதில் இருந்தன.

ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். மேலே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கீழே வெள்ளையாக ஓடியது. "இன்னொண்ணு" என்றார். நான் ஊற்ற ஊற்ற, அவர் குழாயைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. நாலு வாளியோ ஐந்து வாளியோ, கடைசியில் தண்ணீர் தெளிவாக வந்தது. குழாயை மூடினார். குதிரை வண்டிச் சத்தம் கேட்டது.

சித்தப்பா உள்ளே வந்ததும், "ஆமா பாபு, கொஞ்சம் அதிகமாத் தேய்ச்சுட்டேன் போல" என்றார் மிஸ்திரி.

கை கோணலாகச் சேர்ந்தது. அரம் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடிந்திருந்தாலும் வேலை கொடுப்பாரில்லை. மூடியைத் தேய்த்தே எஞ்சினைக் கெடுத்தவன் என்ற பேர் கிடர்பூர் பட்டறைகள் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியதில் சித்தப்பாவுக்கும் பங்குண்டு. புதிதாக வந்த ஆள் கரியைச் சுரண்டினான், வண்டி அணைத்ததும் நின்றது. திருநீறு வேலை செய்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆம், சந்தோஷம்தான் பட்டேன்.

இந்தக் கதையை வீட்டில் சொல்லும்போதெல்லாம், ஒரு பிள்ளையை அடியிலிருந்து காப்பாற்ற அந்த நல்ல மனுஷர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று முடிப்பேன். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சாமியின் திருநீறு ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைக் கொதிக்கவைத்துவிட்டது என்று ஒரு முஸ்லிம் மிஸ்திரி எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்று சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அதை அவர் சொல்ல முடியாது. நான்தான் சொல்லியிருக்க முடியும்.

நான் விட்டுவிட்டுச் சொன்னது அந்த வாளிகளை. ஒடிந்த கையோடு இருக்கிறவருக்கு ரேடியேட்டரைக் கழுவ அன்று என்ன அவசியம்? தடயத்தை மறைக்கத்தான் கழுவுகிறார் என்று நினைத்து, எனக்காகத்தானே என்று சுறுசுறுப்பாக ஓடி ஓடி ஊற்றினேன். ஒவ்வொரு வாளிக்கும் நடுவில் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததை ஒன்பது வயதில் நான் புரிந்துகொள்ளவில்லை.