வூட்டு விசிலா, வண்டி விசிலா

என் மேசை இழுப்பறையில் பழைய சாவிகளுக்கும் எழுதாத பேனாக்களுக்கும் நடுவே ஒரு குக்கர் வெயிட் கிடக்கிறது. மூடியின் உச்சியில் உட்கார்ந்து விசிலடிக்குமே, அந்தக் குண்டு. குக்கர் பழைய பாத்திரக்காரரிடம் போய்ப் பல காலமாகிவிட்டது. இதை மட்டும் நான் கொடுக்கவில்லை. கையில் எடுத்தால் ஓர் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. இதற்குப் பயந்து இரண்டு ஆண்பிள்ளைகள் தெருவில் நின்றோம் என்றால் யாரும் நம்புவதில்லை. ஒருவன் நான். மற்றவர் என் மாமனார்.

இன்றைக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கம். மாமனார் வீடு ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஓர் அறை, அதோடு சேர்ந்தாற்போல் கதவில்லாத சமையல்கட்டு. அவர் நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். யார்டில் எஞ்சின் கூவினால் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடியே இன்ன எஞ்சின், ஓட்டுகிறவன் இன்னான் என்று சொல்வார். யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை என்பது வேறு விஷயம். நான் இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் குளிர் அறையில் வேலை பார்த்தேன். என் மனைவி முதல் பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருந்தாள். உடம்பில் ரத்தமில்லை, பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை பசியில் அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

மாமியார் நம்பியது ஆட்டுக்கால் சூப்பைத்தான். நல்ல கால் கிடைக்கிற அன்றைக்கு மொத்தமாக வாங்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, அரைவேக்காட்டில் இறக்கி, சதுர பிஸ்கட் டப்பாக்களில் ஊற்றி என்னிடம் தருவார். வீட்டில் பிரிட்ஜ் ஏது? நான் அவற்றை இறால் பெட்டிகளுக்குப் பின்னால் சொருகிவைப்பேன். கப்பலேறப்போகும் இறாலோடு எங்கள் சூப்பும் கல்லாக உறைந்து கிடக்கும். கொஞ்சம் அசந்திருந்தால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் இந்த இறாலுக்கு ஏன் குளம்பு இருக்கிறது என்று யோசித்திருப்பார். வேண்டிய நாளில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தால், மாமியார் அதைக் குக்கரில் போட்டு முடித்துவிடுவார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த குக்கர் அது. அதைத் தொடும் தைரியம் அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் அவருடைய தங்கை வீட்டில் சாவு விழுந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "மாப்ள, டப்பாவுல கீறத அப்டியே குக்கர்ல போட்டு மூடிடுங்க. நாலு விசில் வந்ததும் எறக்கிடுங்க. பொண்ணு காலைலேர்ந்து வெறுங்கஞ்சிதான் குடிச்சிகீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே போடத்தான் பார்த்தேன். டப்பா சதுரம், குக்கர் வாய் வட்டம். நாள் முழுக்க ஐஸோடு மாரடிக்கிறவன் என்ற திமிரில் கட்டியை வாசல்படியில் வைத்து ஐஸ் உடைக்கும் ஆணியால் ஒரு போடு போட்டேன். ஒரு குளம்பு தெறித்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்த மனைவி, "ஆடு ஓடிப்போச்சா?" என்று கேட்டாள். அதைத் தேடிப் பிடித்து, கழுவி, எல்லாவற்றையும் உள்ளே திணித்து மூடி, பம்ப் ஸ்டவ்வில் ஏற்றினேன்.

அதுவரை நாற்காலியில் இருந்த மாமனார் எழுந்து நின்றார். "மாப்ள, பாய்லர்னா உள்ள தண்ணி எவ்ளோ கீதுன்னு கண்ணாடில தெரியணும். இதுல இன்னா தெரியுது? ஒரு கண்ணாடி கீதா, பிரஷர் காட்ற முள்ளு கீதா? நீ பாட்டுக்கு கொளுத்திட்டு நிக்கிற." அவர் இடது முன்கையில் முழங்கை வரை ஒரு பழைய வெந்த தழும்பு உண்டு. அதைத் தடவிக்கொண்டே அவர் பேசியதில் என் தைரியம் ஆவியாகிவிட்டது. மனைவியை வெளியே வரச் சொன்னோம். "பச்சப்புள்ளய தூக்கினு வெயில்ல எங்க போவேன்? அது அடுப்பு மேலதான கீது, எறங்கி ஓடியா வரப்போவுது? நீங்க ரெண்டு பேரும் ஓரமா போய் விளையாடுங்க" என்றாள். போனோம்.

வாசலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். உள்ளே ஸ்டவ்வின் இரைச்சல், குழந்தையின் அழுகை. கொஞ்ச நேரத்தில் ஒரு விசில். "ஒண்ணு" என்றார். இன்னொன்று. "ரெண்டு." நான்காவதும் வந்ததும் என்னைப் பார்த்தார். நான் நனைத்த கோணியைத் தோளில் போர்த்திக்கொண்டு, முறத்தை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி உள்ளே போனேன். முறத்தால் புலியை விரட்டிய பெண்ணைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறேன். முறத்துக்குப் பின்னால் ஒளிந்து சூப்பை அணுகிய ஆணைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை.

ஸ்டவ்வை அணைத்தேன். மூடி சுலபமாகத் திறந்துகொண்டது. உள்ளே, நங்கூரம் போட்ட கப்பல்போல ஒரு பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது. அதன் நடுவே ஓர் ஆட்டுக்கால் கொடிமரமாக நின்றது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நைனா, அது வண்டி விசிலு. யார்டுல கூவுனத எண்ணிகினு நின்னீங்களா?"

எனக்குத் தெரியவில்லை, சரி. ஆயுசு முழுக்க அந்த விசிலை அடித்தவர் அவர். உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் மாப்ள. நம்ம ஷெட்டு எஞ்சின்தான். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு எண்ணிட்டேன்" என்றார். மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். குழந்தை மறுபடியும் அழ ஆரம்பித்தது.

அவர் ஒரு முக்காலியை எடுத்துப்போய்ச் சமையல்கட்டின் வாசலில், அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார். என்னை மறுபடியும் பற்றவைக்கச் சொன்னார். வெகுநேரம் கழித்து வெயிட் ஒருமுறை ஆடி, வீறிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து தெருவுக்கு எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. எட்டிப் பார்த்தேன். மாமனார் சிலுவை போட்டுக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. நடுவில் யார்டு எஞ்சின் கூவியபோது, "அது வண்டி" என்றார். அடுத்தது குக்கர். "இது வூடு" என்று ஒரு விரலை மடக்கினார். நாலும் முடிந்து, ஆவி அடங்கும்வரை அப்படியே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மனைவி இரண்டு கிண்ணம் குடித்தாள். லேசான இறால் வாசம் இருந்ததாகச் சொன்னாள். அன்று மாலை குழந்தை அழாமல் தூங்கியது. சூப்புதான் காரணமா, சிரிப்பா என்று மருத்துவம் படித்தவர்கள் சொல்லட்டும். மாமியார் திரும்பி வந்ததும் மகள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தாலே யாராவது, "வூட்டு விசிலா, வண்டி விசிலா?" என்று கேட்பார்கள். மாமனார் உட்பட.

அவர் இப்போது இல்லை. அந்தப் பாதையில் நீராவி எஞ்சினும் இல்லை. அன்றைக்கு அழுத குழந்தை பிள்ளை பெற்று எங்களோடு இருக்கிறாள். பிரிட்ஜிலிருந்து சூப்பு டப்பாவை எடுக்கிறாள். பிளாஸ்டிக், வட்டம், கச்சிதமாகக் குக்கருக்குள் இறங்குகிறது. பேனா தேடி இழுப்பறையைத் திறந்தவள், வெயிட்டை எடுத்துக் காட்டினாள். "இத இன்னாத்துக்கு வச்சினுகீற நைனா? நம்ம குக்கருக்குப் பொருந்தாதே."

பொருந்தாதுதான். வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விசில் வந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவள், "நைனா, எப்பவும் ஏன் வழியிலயே முக்காலிய போட்டுக்கிற?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் அடுப்பு இருந்தது. பின்னால் தொட்டில்.