பெயிண்ட்டுக்கு மேல் முடுக்கிய போல்ட்

என் பஞ்சர் கடைக்கு அடுத்த ஷெட்டில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவருக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தது நான்தான். எந்த இடத்தில் போல்ட் முடுக்கினாலும், முதலில் அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

"இப்படியே தேச்சா வண்டியில இரும்பு மிஞ்சாதுய்யா" என்பேன்.

"உன் வாய் தேயாம இருக்கே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார். இருபது வருஷமாக எங்களுக்குள் இதே பேச்சுதான்.

டிரெய்லருக்குச் சொந்தக் கரண்ட் கிடையாது. இழுக்கிற வண்டியிலிருந்து பிளக் வழியாக நாலு வயர் போகும். பின்விளக்குக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. பிரேக் மிதித்தால் இரண்டு பக்கமும் எரியும். சிக்னல் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் விட்டு விட்டு எரியும். நாலாவது வெள்ளை வயர் எர்த். போன கரண்ட் திரும்பி வருகிற வழி. அது டிரெய்லரின் வெறும் இரும்பைத் தொட வேண்டும். தொடாவிட்டாலும், டிரெய்லரை மாட்டுகிற கொக்கியின் இரும்பு வழியாகக் கரண்ட் எப்படியோ திரும்பிவிடும். நிற்கும்போது எல்லா விளக்கும் ஜோராக எரியும். ஓடும்போது கொக்கி குலுங்கினால் அணைந்துவிடும்.

இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு முறை தேய்க்காமல் விட்டார். அது அவருடைய அக்கா வீட்டுக்காரரின் டிரெய்லர்.

அந்த மாமா அப்போதுதான் அதற்குப் பெயிண்ட் அடித்திருந்தார். "மாப்ள, இன்னும் வாசனைகூடப் போகலை. சுரண்டிடாதே" என்று கெஞ்சினார். மாமா அதுவரை வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. உப்புத்தாளும் பெயிண்ட்டுக்கு மேலேயே எர்த் வயரின் போல்ட்டை முடுக்கினார். விளக்கெல்லாம் எரிந்தது.

நாலு மாதம் கழித்து, சாயங்காலம், மேடும் பள்ளமுமான ரோட்டில் மாமா சிக்னல் போட்டு டிரெய்லரோடு திரும்பினார். அதே நேரத்தில் முந்தப் பார்த்த ஸ்கூட்டர் அதில் மோதியது. ஓட்டிய பெண்ணுக்குக் கால் முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா அங்கேயே போய்விட்டார்.

போலீஸ் டிரெய்லரை நிறுத்திச் சோதித்தது. எல்லாம் எரிந்தது. "சிக்னல் எரியலை" என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். யாரும் நம்பவில்லை. கூடப் பிறந்த அண்ணனே, "அவ எப்பவும் பராக்குப் பாத்துட்டுத்தான் ஓட்டுவா" என்று எழுதிக் கொடுத்தான். அம்மாவின் காரியத்தன்றுகூட அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அவள் சொன்னது காதில் விழுந்த அன்றைக்கே உப்புத்தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வெளியே நின்ற டிரெய்லரின் அடியில் எட்டிப் பார்த்தார். போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அக்கா அழுதாள். "தம்பி, போலீஸே வண்டி சரின்னுட்டாங்க. நீ ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிற? உன்னோட சேந்து மாமாவையும் இழுத்து விட்டுடாதேடா." நானும் சும்மா கிட என்றுதான் சொன்னேன். நல்ல சிநேகிதன் நான். இப்போது நினைத்தால் எனக்கே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மூன்று நாள் ஷெட் திறக்கவில்லை. நாலாம் நாள் காலை உப்புத்தாள் போலீஸ் அதிகாரியிடம் போனார். "ஐயா, வயரிங் பண்ணினது நான். அந்தப் பொண்ணையும் அவ அண்ணனையும் கூப்பிடுங்க. அவங்க முன்னாலதான் சொல்லுவேன்" என்றார். நானும் கூடப் போனேன்.

மதியம் எல்லாரும் வந்தார்கள். அவள் ஊன்றுகோலோடு சுவரோரம் நின்றாள். அண்ணன் பத்தடி தள்ளி நின்றான். உப்புத்தாள் முதலில் டிரெய்லரை மாமாவின் வண்டியோடு மாட்டியபடியே விளக்கைப் போட்டுக் காட்டினார், எரிந்தது. பிறகு ஜாக்கி வைத்து டிரெய்லரைக் கொக்கியிலிருந்து தூக்கினார். வண்டியோடு பிணைத்திருந்த இரும்புச் சங்கிலியையும் கழற்றினார். பிளக் மட்டும் மாட்டியபடி இருந்தது.

"ரோட்டுல குலுங்குறப்போ இப்படித்தான் இருந்திருக்கும்" என்று சிக்னலைப் போட்டார். எரியவில்லை. பிரேக்கை மிதித்தார். அதுவும் எரியவில்லை. போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்ட்டை அதிகாரிக்குக் காட்டினார். "சுரண்டாம விட்டது நான். தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு பாத்துத்தான் வந்திருக்கு." மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று நான் பயந்தேன். அவள் உப்புத்தாளைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அண்ணனையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள். "எங்கண்ணன் சரியாப் பாக்கலை."