சிவப்பு மெயிலில் என் பெயர்

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் முன் நடந்தது இது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, வேலை எப்போது நிரந்தரமாகும் என்று காத்திருந்தேன்.

எங்கள் மென்பொருளை ஆளுக்கொரு பகுதியாக எழுதுவோம். யாராவது தன் பகுதியை அனுப்பினால், சர்வர் எல்லாவற்றையும் தானே ஒன்றுசேர்த்துச் சோதித்துப் பார்க்கும். சரிவரவில்லை என்றால், கடைசியாக அனுப்பியவர் பெயரைப் போட்டு எல்லோருக்கும் சிவப்பு எழுத்தில் மெயில் போகும். பெயர் வந்தவர் டீமுக்கே பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். இதையெல்லாம் அமைத்தவர் எங்கள் சீனியர். அவர் அனகாபுத்தூர், நான் பம்மல்; ஒரே ரயில், ஒரே ஷேர் ஆட்டோ. அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

வாடிக்கையாளருக்கு மென்பொருளைக் காட்ட வேண்டிய நாளன்று காலையில் என் பெயரில் மெயில் வந்தது. சாயங்காலம் பஜ்ஜி என் கணக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு என் பகுதியை வரி வரியாகத் தேடினேன், ஒரு தப்பும் அகப்படவில்லை. என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது என்றேன். எல்லோரும் இதைத்தானே சொல்வார்கள் என்று கேலி செய்தார்கள். பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் ஒன்றையும் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். மறுநாள் அண்ணா ஏதோ செய்தார், எல்லாம் ஓடியது. மேனேஜர் அவரைக் கைகுலுக்கிப் பாராட்டினார். எனக்கு, கவனக்குறைவு என்று சொல்லி, மாதக் கடைசியோடு வேலை இல்லை என்றார்கள்.

கடைசி நாள் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணா, குரோம்பேட்டை தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பு உன்னோடது இல்லம்மா. வெளியில வேற யாரோ எழுதின லைப்ரரி ஒண்ணை நம்ம மென்பொருள்ல சேர்க்கிறோம்ல, அதுல எந்த வெர்ஷன் எடுக்கணும்னு நான் செட்டிங்ல போடாம விட்டுட்டேன். அன்னைக்கு சர்வர் புது வெர்ஷனை எடுத்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு; உன் கம்ப்யூட்டர்ல பழசு இருந்ததால ஓடுச்சு. மத்தியானமே எனக்குத் தெரியும்."

அப்படியானால் சாயங்காலம் என் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டபோதும் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்கு வயசிருக்கு, வேற எடம் கிடைச்சிடும். எனக்கு இந்த வயசுல யாரு வேலை தருவா?"

மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். ஆறுதல் அவருக்கு நான் சொல்ல வேண்டும்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பல்லாவரத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோவில் ஏறி, நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். நான் ஏறவில்லை.

இப்போது வேறு இடத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். சர்வர் மேல் எனக்குக் கோபமில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், நான் திட்டு வாங்குவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.