அருள்தாஸ் சாருக்கு வாசனை திரும்பியதா?

போன மாதம் ஒரு காலையில், என் காபிப்பொடிக் கடை டிரம்மில் கொட்டை பாதி வறுபட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா டீச்சர். "ராஜேந்திரா, சார் போயிட்டாருப்பா. தூக்கத்துலயே" என்றார். நான் போனை வைத்துவிட்டு டிரம்மைப் பார்த்தேன். பாதி வறுப்பில் கொட்டையை இறக்கினால் பச்சை வாடை அடிக்கும். அப்படியே விட்டுப் போனால் கரியாகிவிடும். நின்று முடித்து, இறக்கி, ஆற விட்டு, ஷட்டரை இழுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், "சாவு செய்தி வந்தப்புறமும் வியாபாரமா?" என்று முகம் சுளித்தார். அருள்தாஸ் சாரை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கொட்டையைக் கருக விட்டுவிட்டுப் போய் நின்றிருந்தால் முதலில் திட்டியிருக்கக்கூடியவர் அவர்தான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் காலையில் நடக்கிறவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மடித்த துணிப்பை. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்டெல்லா, பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். சாருக்கு கிரிக்கெட் தெரியாது, அரசியல் பேச மாட்டார், டி.வி. முன்னால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அவருக்கு இருந்தது ஒரே பைத்தியம், காபி.

நான் கடை திறந்த புதிதில் ஒரு நாள் வந்து படியில் நின்றார். ஒன்றும் வாங்கவில்லை. மூக்கை உயர்த்தி ஒரு தடவை இழுத்துவிட்டு, "முதலாளி, பீபெரிக் கொட்டையைக் கொஞ்சம் தீய விட்டுட்டீங்க" என்றார். கடன் வாங்கிக் கடை போட்டவனுக்கு வருமே, அந்தக் கோபம் எனக்கு வந்தது. "நீங்க வாங்க வந்தவரா, மோந்து பாக்க வந்தவரா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான். மூக்கு ஒத்துக்கிட்டா பை தன்னால நீளும்" என்றார். அன்று பை நீளவில்லை. மறுநாள் அனலைக் குறைத்து வறுத்தேன். நீண்டது. அதற்குப் பிறகு புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் அவர் வரும்வரை காத்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காசு கொடுக்காமல் கிடைத்த மூக்கு, வியாபாரி விடுவானா?

அவருடைய பிடிவாதத்தைப் பற்றி அவர் உறவினர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். கல்யாண வீட்டுக் காபியைத் தொட மாட்டார். சின்ன பிளாஸ்கில் சொந்த டிகாஷனோடு போவார். "மொய் கவரை மறந்தாலும் மறப்பான், பிளாஸ்கை மறக்க மாட்டான்" என்று அவருடைய அண்ணன் என்னிடமே சொல்லியிருக்கிறார். தவக்காலத்தில் பங்குச் சாமியார், மிகவும் பிடித்த ஒன்றை நாற்பது நாள் விட்டுவிடுங்கள் என்றாராம். சார் கறியை விட்டார், மீனை விட்டார், முட்டையையும் விட்டார். காபியை மட்டும் விடவில்லை. "அதை விட்டா எனக்குக் கோபம் வரும் ஃபாதர். கோபம் பாவமில்லையா?" என்று கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்துவிட்டாராம். கடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் சாருக்கு ஒரு வெற்றிப் பெருமிதம் இருக்கும்.

அப்புறம் கொரோனா வந்தது. அவருக்கும் வந்தது. வாசனை போய்விட்டது என்று போனில் சொன்னார். பலருக்கும் போய்த் திரும்பிய காலம் என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வந்துடும் சார், மூக்கு எங்க போயிடப் போகுது" என்றேன். கடைகள் திறந்து சில மாதம் கழித்து ஒரு காலையில் வந்தார். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. படியில் கால் வைத்தவர் அப்படியே ஷட்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது.

"முதலாளி, மெஷினை நிறுத்துங்க. உள்ளே என்னமோ எரியுது."

நிறுத்தினேன். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். மோட்டாரைப் பார்த்தேன். எலி ஏதாவது விழுந்திருக்குமோ என்று டிரம்மைத் திறந்து கொட்டையை முறத்தில் கொட்டிக் கிளறினேன். ஒன்றும் இல்லை. நல்ல வறுப்பு, தெருவே மணத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"பொணம் எரியற வாசனை, ராஜேந்திரா" என்றார். அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டாக்டர் அது நரம்பு விஷயம் என்றார். சிலருக்கு வாசனை இப்படித் திரிந்துதான் திரும்புமாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வதக்கிய வெங்காயம், வறுத்த கறி என்று சிலது மட்டும்தான் அவருக்கு அப்படி ஆகியிருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது காபி. "ஆண்டவர் நாப்பது நாள் கேட்டாரு, நான் சாமர்த்தியம் பேசினேன். மொத்தமா எடுத்துக்கிட்டாரு" என்று ஒரு நாள் சொன்னார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

டீச்சர் நல்லதை நினைத்துத்தான் ஒரு காரியம் செய்தார். வீட்டில் ஒரு அலமாரி நிறைய சார் சேர்த்து வைத்திருந்த பித்தளை பில்டர்கள், டவரா செட்டுகள், கை அரைவை மெஷின் எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். கண்ணில் பட்டால்தானே ஏக்கம் என்று நினைத்திருக்கிறார். சார் மறுப்புச் சொல்லவில்லை. மூட்டை கட்டவே கைகொடுத்தாராம். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு நான் பழைய எடைக்கல் தேடிப் போனபோது கூடவே வந்தார். பாத்திரம் பரப்பியிருந்த ஒரு அம்மாவின் முன்னால் நின்றுவிட்டார். ஒரு பித்தளை பில்டரைக் கையில் எடுத்து விலை கேட்டார். அந்த அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், பேரு வெட்டிக்கீது. எஸ். அருள்தாஸ். யாரு சார் இந்த ஆளு?"

"தெரியலைம்மா."

"பாவம், செத்துப் போயிருப்பாரு. வூட்டுல உள்ளவங்க தூக்கிப் போட்டுட்டாங்க. நீ எட்த்துக்கினு போ சார், ராசியான பித்தளை."

பேரம் பேசாமல் வாங்கினார். அவரோடு எத்தனையோ தடவை சந்தைக்குப் போயிருக்கிறேன்; பேரம் பேசாமல் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பில்டரை மடியில் வைத்துக்கொண்டு, "என்னைச் சாகடிச்சு எனக்கே வித்துட்டா பாருங்க" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும் விஷயம். தினமும் காலையில், நான் வறுக்கும் நேரம் பார்த்து வர ஆரம்பித்தார். கடைக்குள் வர மாட்டார். எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நிற்பார். கைக்குட்டையை எடுப்பார், மூடுவார், எடுப்பார். ஒரு மழைக்காலம் முழுக்க பஸ் ஸ்டாப்தான். பிறகு சாலையைக் கடந்தார். பிறகு எனக்கு இரண்டு கடை தள்ளியிருக்கும் மருந்துக்கடை. அங்கிருந்து கையைத் தூக்கி, "முதலாளி, இன்னிக்கு இதுவரைக்கும்!" என்று கத்துவார். சில நாள் மறுபடி பஸ் ஸ்டாப்புக்கே போய்விடுவார். மருந்துக்கடைப் பையன்கள் அவரைக் கேலி செய்தார்கள், நான் அதட்டினேன். "விடுங்க. எனக்கே இது கேலியாத்தான் தெரியுது" என்றார். "அப்ப ஏன் சார் வர்றீங்க? வேற தெருவுல நடக்கலாமே?" என்று கேட்டேன். "அது திரும்பி வர்ற அன்னிக்கு நான் இங்க இல்லாம போயிட்டா?" என்றார். யாரோ ஊரிலிருந்து வரப்போகிற ஆளைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

இந்தக் காலம் முழுக்க டீச்சர் வீட்டில் காபி போடவில்லை. இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, பக்கத்து வீட்டு அம்மாவின் பெயரைச் சொல்லிப் பொடி வாங்கினார். நான் பார்த்த பார்வையில் பிடிபட்டுவிட்டார். "எனக்கும் காபி பிடிக்கும் ராஜேந்திரா. யாராவது கேட்டீங்களா?" என்றார். பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, கிராம்பைக் கடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாராம். அப்படியும் சில நாள் அவர் பேச வாயைத் திறந்தால் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நாப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தாச்சு. இப்ப என் மூச்சே அவருக்கு ஆகலை" என்றார். பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சார் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அது நடந்தது. மருந்துக்கடையில் நிற்கவில்லை. படியில் நிற்கவில்லை. நேராக டிரம் பக்கத்தில் வந்து நின்றார். கைக்குட்டை கையில் இல்லை.

"வந்துடுச்சு, முதலாளி."

"நிஜமாவா சார்?"

"ஒரு டம்ளர் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். காபியை ஆற்றி ஆற்றி, நுரையை ரசித்து, அரை மணி நேரம் ஆக்குகிற மனிதர். அன்று கண்ணை மூடி, மருந்து குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கண்ணில் நீர் வந்திருந்தது. "அரைச்சுக் கட்டுங்க. டீச்சர் இனிமே பக்கத்து வீட்டுக்குப் போக வேணாம்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை; கொட்டையை எடுத்து அரைக்கப் போட்டேன்.

வாடிக்கையாளர் முகத்தைப் படித்துத்தான் நான் பிழைக்கிறேன். பிடித்துச் சிரிக்கிறாரா, மரியாதைக்குச் சிரிக்கிறாரா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். அந்த ஒரு முகத்தை மட்டும் இன்று வரை படித்துக்கொண்டிருக்கிறேன். பல வருஷத் தாகத்தில் அப்படிக் குடித்தாரா? மூச்சை அடக்கிக்கொண்டு குடித்தாரா? அந்தக் கண்ணீர் எதற்கு?

இறந்த அன்று, மகள் பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் பெரிய பிளாஸ்குகளில் காபி கொண்டுவந்தார்கள். எல்லாம் என் கடைப் பொடி. பேப்பர் கப்போடு கூட்டம் பெட்டியைச் சுற்றி நின்றது. வீடு முழுக்கக் காபி வாசனை. "மணமா இருக்கு" என்று ஒருவர் சொல்வது காதில் விழுந்தது. எனக்கு என்ன ஆனதோ தெரியாது. "வெளிய போய்க் குடிங்க. பெட்டிகிட்ட வேணாம். கேட்டுக்கு வெளிய போங்க" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அனுப்ப ஆரம்பித்தேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பதுபோல் பார்த்தார்கள்.

டீச்சர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏன் ராஜேந்திரா அவங்களை அனுப்புறே?"

"இல்லை டீச்சர், சாருக்கு…"

"சாருக்குத்தான் வாசனை வந்துடுச்சே? உன்கிட்டதானே முதல்ல சொன்னாரு?"

சரக்கைப் பற்றி ஆயிரம் பொய் சொல்லக்கூடிய வாய் இது. அப்போது ஒரு பொய்யும் வரவில்லை. "எனக்குத் தெரியலை டீச்சர்" என்றேன்.

அவர் பெட்டியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "எனக்கும் தெரியலைப்பா. தினமும் காலையில எதிரே உக்காந்து குடிச்சாரு. ஒரு நாள் கேட்டுடலாம்னு வாயெடுத்தேன். பயமா இருந்துச்சு. கேக்கலை." பிறகு, "எனக்கு ஒரு கப் கொண்டு வா. வெளியில எல்லாம் போக மாட்டேன். இங்கேயே குடிக்கிறேன்" என்றார். கொண்டுவந்தேன். சாரின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரை மெதுவாகக் குடித்தார்.

புது மூட்டையை இப்போது நானேதான் முகர்ந்து பார்க்கிறேன். சுமாரான மூக்கு, வியாபாரத்துக்குப் போதும். ஆனால் சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பயம். காலையில் டிரம்மைத் திறக்கும்போது முதல் ஆவி எழும் அந்த ஒரு கணம், என்னை அறியாமல் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த மூச்சில் என்ன வரும் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறேன். காபிதான். இன்றைக்கும் காபிதான். அதற்கப்புறம்தான் ஷட்டரை முழுதாகத் தூக்குகிறேன்.