அருவியில் நின்ற பட்டுப்புடவை

இரண்டாவது குழந்தை தவழத் தொடங்கிய வருடம், நான் எழுதிய காதல் கதையை மாத நாவலாகப் போடச் சென்னையில் ஒரு பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். வேறு வேறு ஊரில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும் வாரம் ஒரு நாள் சந்திக்கும் கதை. பெரும்பாலும் பஸ் நிலையத்தில் நின்றுதான் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் தறியில் நெய்த புடவைகளைக் கொடுக்கச் சென்னை போன என் கணவரிடம் பதிப்பாளர் அட்டைப் படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். அருவியின் அடியில் பட்டுப்புடவையில் ஒருத்தி நிற்கிறாள். மாராப்பு விலகி, கண் செருகி, வாய் பாதி திறந்து. தொட்டால் கை பிசுபிசுக்கும் போல ஒரு பளபளப்பு. இதன் மேல் என் பெயர் வரும். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும். பெரியவளின் டீச்சர் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போவார்.

தறிக்கான நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத எழுத அவருக்குக் கதையைப் படித்துக் காட்டியிருந்தேன்.

"இவ யாரும்மா? உன் கதையில தண்ணியே வரலியே. அதுவும் பட்டைக் கட்டிகினு எவளாவது அருவியில நிப்பாளா? சாயம் ஊத்திகினு பூடும்."

கணவர் சிரிக்கவில்லை. நாமும் முந்தானை மேலே தெரியும்படிதானே புடவையை மடிக்கிறோம், அட்டையும் அப்படித்தான் என்றார். ஒரு நிமிடம் அது நியாயமாகவே பட்டது. நான்தான் அளவுக்கு மீறி அருவருக்கிறேனோ? பிறகு தயங்கிச் சொன்னேன்.

"அந்த முந்தானை அதே புடவையோடதுதானேங்க."

படம் கதையோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் கதையைத் திருப்பி வாங்கி வந்துவிடுங்கள் என்று அடுத்த முறை சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, வந்த வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேனோ என்று அவர் திரும்பும்வரை தவித்தேன்.

கதை திரும்பி வந்தது. நடுவில் இரண்டு தாள் புதிதாகச் செருகியிருந்தார்கள். படம் மாறவில்லை, கதையைப் படத்துக்குப் பொருத்தியிருந்தார்கள். என் கதாநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கிருந்தோ வந்த ஓர் அருவிக்குப் போய், நனைந்து, முனகினாள்.

"இப்ப அட்டை பொய் இல்லியே, சம்மதம்னா தாளோட அனுப்பச் சொன்னாரு" என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த இரண்டு தாளையும் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்கினேன்.